சூரியன் காய்ச்சும் வெந்நீர்

காலையில் எழுந்து கிழக்கு நோக்கிக் கை கூப்புகிறவர்கள் நம் தேசத்தில் கோடிக்கணக்கானவர்கள். கூப்பிய கையோடு உள்ளே வந்து, ஸ்நானத்துக்கு வெந்நீர் வேண்டுமென்று மின்சார விசையைத் தட்டுகிறவர்களும் நாமேதான். வேலை செய்யக் காத்திருக்கும் சூரியனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, விலைக்கு வாங்கிய உஷ்ணத்தை வீட்டுக்குள் வரவழைக்கிறோம்.

நம் பாட்டிமார்கள் இந்தத் தவற்றைச் செய்ததில்லை. கோடம்பாக்கத்தில் ஏதேனும் ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடியைச் சித்திரை மாதத்தில் ஏறிப் பாருங்கள். ஒரு பக்கம் வேஷ்டி விரித்து வடாம் காயும். மறு பக்கம் மிளகாய் வற்றல், மோர் மிளகாய், துணி கட்டிய ஊறுகாய் ஜாடி. கைக்குழந்தை உள்ள வீடானால், நாலுக்கும் நடுவே ஒரு பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் இருக்கும். காலையில் நிரப்பி வைத்துப் பத்து மணிக்குமேல் அந்தத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். விறகும் இல்லை, புகையும் இல்லை.

அதே மாடியில் இன்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் உட்கார்ந்திருக்கிறது. கோடைக்காலத்து நடுப்பகலில் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. "வெயில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டதே!" என்று அலுத்துக்கொள்கிறோம். மார்கழி வந்ததும் அதே தண்ணீரைச் சுட வைக்கப் பணம் செலவழிக்கிறோம். சித்திரையில் நம்மை அலுக்கச் செய்த அந்தச் சக்தியை மார்கழியில் வேலை வாங்க முடியாதா?

இந்தக் கேள்விக்கு விடையைக் கோடம்பாக்கத்து மாடி ஒன்றில், எட்டுச் சிறுவர்கள் செய்து காட்டக் கண்டோம். அதை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு நிபந்தனைகள்

சிறுவர்கள் எண்மரும் சாரணர்கள். விடுமுறையில் ஏலகிரி மலையில் மூன்று நாள் முகாம் போட உத்தேசித்திருந்தார்கள். சாரணர் இயக்கம் நம் சென்னைக்குப் புதியதன்று. இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ள வெள்ளைக்காரர்களின் சாரணர் சங்கம் தயங்கிய காலத்தில், அன்னி பெஸன்ட் அம்மையார் ஜி. எஸ். அருண்டேலின் துணையுடன் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சங்கம் ஒன்றை இங்கே ஸ்தாபித்தார். அது 1916-17 காலத்துச் செய்தி. பலவாகப் பிரிந்திருந்த சங்கங்கள் சேர்ந்து 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கமாயின. பிறர் கதவைத் திறக்காவிட்டால் நம் வீட்டை நாமே கட்டிக்கொள்வோம் என்ற எண்ணத்தில் பிறந்த இயக்கம் அது.

இந்த எண்மருக்கும் ஒரு கதவு அடைபட்டிருந்தது. முந்திய வருஷத்து முகாமில் கூட்டத்திலேயே சின்னப் பையன் குளிர்ந்த நீரில் குளித்து, ஜுரத்தோடு வீடு திரும்பினான். ஏலகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். மார்கழியில் அங்கே தொட்டித் தண்ணீர் விரலைக் கடிக்கும். "வெந்நீருக்கு வழி செய்தால் பையனை அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இல்லை" என்று அவன் தாயார் சொல்லிவிட்டார். சாரண ஆசிரியரோ, "மலையில் ஒரு சுள்ளியும் ஒடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வெந்நீரும் வேண்டும், விறகும் கூடாது.

சிறுவர்கள் மாடிக்கு ஏறி வெயிலில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசனைக்கு விடை தலைக்கு மேலேயே காய்ந்துகொண்டிருந்தது.

முதல் தோல்வி

முதலில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்பு ரப்பர்க் குழாயைச் சுருட்டி வெயிலில் வைத்தார்கள். 30 மீட்டர் நீளம். ஒரு மணி கழித்துத் திறந்தால், "ஐயோ!" என்று கையை உதறும்படியான சூடு. அடுத்த கணம் பச்சைத் தண்ணீர்!

காரணம் எளியது. அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு அடங்கும் நீர் சுமார் 127 மில்லி லிட்டர். முப்பது மீட்டரும் சேர்ந்து நாலு லிட்டருக்குள்தான் ஆகும். சூடு இருந்தது, சூட்டைத் தாங்க நீர் இல்லை. பார்ப்பதற்கு நீளம் பெரிதாக இருந்தாலும், ஒரு சின்னக் குடத்தின் கொள்ளளவுகூட அதில் இல்லை.

இதிலிருந்து சிறுவர்கள் கண்ட பாடம்: வெயில் படும் பரப்பும் வேண்டும், நீர் நிற்கும் வயிறும் வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் கற்க வெகுகாலம் பிடித்தது. 1767-இல் ஜெனீவாவில் ஓராஸ் த ஸோஸ்யூர் என்ற விஞ்ஞானி, கறுப்பு அடித்தளமுள்ள பெட்டிக்குமேல் கண்ணாடிகளை அடுக்கி வெயிலில் வைத்து, உள்ளே நீர் கொதிக்கும் அளவுக்கு மேலான உஷ்ணத்தைக் கண்டார். கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது. உள்ளே பிறந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப், கறுப்புப் பூசிய தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வீட்டுக் கூரைமேல் ஏற்றி விற்றார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கிளைமாக்ஸ்'. கோடம்பாக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

நம் தேசத்திலும் இத்தகைய முயற்சி அந்தக் காலத்திலேயே நடந்தது. பம்பாயில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்பவர் கண்ணாடிகளால் சூரிய வெப்பத்தைக் குவித்துச் சமையல் செய்து காட்டி, வெப்ப தேசங்களில் விறகுக்குப் பதில் சூரியன் உதவுவான் என்று 1878-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

செய்யும் விதம்

சிறுவர்கள் அடுத்து எடுத்துக்கொண்டது நான்கு அங்குல அகலமும் பத்தடி நீளமும் உள்ள பி.வி.சி. குழாய். வீடு கட்டுகிற இடங்களில் கழிவுநீருக்குப் போடுகிறார்களே, அதே ஜாதி, ஆனால் புதியது. அதனுள் சுமார் 25 லிட்டர் நீர் நிற்கும்.

குழாயின் மேற்புறத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, மங்கலான கறுப்பு வர்ணம் இரண்டு தடவை பூச வேண்டும். பளபளக்கும் கறுப்பு உதவாது. அது ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இரு முனைகளுக்கும் மூடி போட்டு, பிளம்பர்கள் 'சொல்யூஷன்' என்று சொல்லும் பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிட வேண்டும்.

ஒரு முனை மூடியின் கீழ்ப்பாகத்தில் துளையிட்டு, வீட்டுத் தொட்டிகளுக்குப் போடும் 'டேங்க் நிப்பிள்' ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரு திருகு குழாயையும், அதன் வாயில் ஷவர் முகத்தையும் மாட்ட வேண்டும். ஷவர் முகம் கிடைக்காவிட்டால் பூவாளியின் மூக்கே போதும். மறு முனையில், குழாயின் முதுகில், நீர் ஊற்ற ஒரு வாய் வைத்து, அதற்குத் தளர்வான மூடி போட வேண்டும். மூடியில் ஆணியால் ஒரு துளை அவசியம். நீர் இறங்கும்போது காற்று உள்ளே போகவும், நீர் சூடேறி விரியும்போது இடம் கொடுக்கவும் அத்துளைதான் வழி. ஒருபோதும் குழாயை முழுதும் அடைத்து வெயிலில் வைக்கலாகாது.

நீர் நிரம்பிய குழாயின் கனம் 30 கிலோவை எட்டும். பி.வி.சி. சூட்டில் இளகி வளையும் தன்மை உடையது. ஆகையால் நீளம் முழுவதும் ஒரு பலகைமேல் படுக்க வைக்க வேண்டும். சவுக்குக் கம்புகளை இரண்டிரண்டாகக் குறுக்கே கட்டி, மூன்று இடங்களில் தாங்கல் கொடுத்து, ஏழடி உயரத்தில் பலகையை நிறுத்தித் தேங்காய்நார்க் கயிற்றால் இறுகக் கட்டினார்கள். குழாய் வைத்த முனை மட்டும் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் இதை ஏற்றுவது கூடவே கூடாது. கீழே தெருவில் ஜனங்கள் நடக்கிறார்கள்.

சுற்றிலும் நாலு கம்பு நட்டுக் கீற்றுத் தட்டி கட்டினால் ஸ்நான அறை தயார். மாடியிலானால் குளித்த நீரை வாழைக்கோ செடிகளுக்கோ திருப்பலாம். முகாமிலானால், ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 200 அடியாவது தள்ளிக் கட்ட வேண்டும். சோப்பு நீர் குடிநீரில் கலக்கலாகாது.

வெயிலின் கணக்கு

கட்டியாயிற்று. எத்தனை நேரத்தில் சுடும்? சிறுவர்கள் சிலேட்டுக் கணக்காக இதைப் போட்டார்கள்.

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். மார்கழியில் சென்னைத் தண்ணீர் சுமார் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 25 லிட்டரைப் 15 டிகிரி உயர்த்த 375 கிலோ கலோரி.

தெளிவான வானத்தில் நடுப்பகல் சூரியன் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 860 கிலோ கலோரி பொழிகிறான். நம் குழாய் வெயிலுக்குக் காட்டும் பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே சுமார் 285. இதில் பாதியைக் காற்று கொண்டுபோகும் என்று விட்டுவிட்டாலும் 140 மிஞ்சும். 375-ஐ 140-ஆல் வகுத்தால் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஏலகிரியில் தண்ணீர் 18 டிகிரியிலிருந்து தொடங்கினால் நாலு மணி நேரம்.

குழாயைக் கிழக்கு மேற்காகப் படுக்க வைத்தார்கள். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டிச் சென்னையில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறான்; நட்ட கோலுக்கு நிழல் இராது. மார்கழியிலோ தெற்கே சாய்ந்துவிடுகிறான். கிழக்கு மேற்காகக் கிடக்கும் குழாய்க்கு, அவன் உச்சியில் இருந்தாலும் தெற்கே இருந்தாலும், நடுப்பகலில் முழு நீளமும் வெயில் படும்.

குழாயின் வடபுறம் மட்டும் நிழலில் கிடந்தது. இதற்குப் பரிகாரம் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். சினிமாப் படப்பிடிப்பில் விளக்குப் பகுதியில் பல வருஷம் வேலை செய்தவர். "வெளிப்புறப் படப்பிடிப்பில் நடிகர் முகத்தில் நிழல் விழுந்தால் என்ன செய்வோம்? எதிரே வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடிப்போம். குழாய்க்கும் பிடியுங்களேன், தம்பி!" என்றார். ஏவி.எம். 1948-இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கம் வந்து சேர்ந்த காலத்துக்கும் முன்னிருந்தே சென்னைப் படக்காரர்களுக்குச் சூரியன் பழைய சிநேகிதன். மௌனப் படக் காலத்தில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வத'த்தைச் சூரிய வெளிச்சத்தைக் கொண்டே எடுத்தார். அந்த வித்தையின் ஒரு துணுக்கு இப்போது வெந்நீருக்குப் பயன்பட்டது. வடபுறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைகளைச் சாய்த்து நிறுத்தினார்கள். மேலே இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை வளைத்துக் கட்டினார்கள். ஸோஸ்யூரின் கண்ணாடிக்கு அது ஏழை வீட்டுத் தம்பி.

பத்தரை மணிக்கு நீர் ஊற்றினார்கள். ஒன்றரை மணிக்குத் திறந்தார்கள். கணக்கு பொய்க்கவில்லை.

முதல் நீர் சொல்லும் பொய்

ஆனால் ஒரு அபாயம் இங்கே இருக்கிறது; வீட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுட்ட நீர் இலேசானது. மேலே போய் நிற்கும். குளிர்ந்தது அடியில் தங்கும். திருகு குழாய் அடியில் இருப்பதால், முதலில் வருவது வெதுவெதுப்பான நீர். "சரியாக இருக்கிறது" என்று தலையைக் கொடுத்தால், பின்னால் வருவது சுடும். கோடை நாளில் நெடுநேரம் வெயிலில் விட்ட குழாயில் 60 டிகிரியை எட்டினால், சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும்.

பரிகாரம் சுலபம். குளிக்குமுன் ஒரு வாளி நீரைப் பிடித்து, மறுபடி மேல் வாயில் ஊற்றிவிட வேண்டும். நீர் கலந்து ஒரே சூடாகும். பிறகு முழங்கையில் விட்டுப் பார்க்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி செய்வது இதைத்தான். சூடு மிகுந்திருந்தால் வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கலாம். இந்த நீரைக் குடிக்கலாகாது. மிஞ்சிய நீரை நாட்கணக்கில் உள்ளே தேங்கவிடாமல் அன்றன்றே கொட்டிவிட வேண்டும். வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும்.

சூரியனின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. மேகம் மூடிய நாளில் இது வெறும் கறுப்புக் குழாய். மார்கழி விடியற்காலையில் பஜனைக்குப் புறப்படுகிறவருக்கு இது வெந்நீர் தராது. இரவெல்லாம் வெளியில் கிடந்த குழாய் சூட்டை இழந்துவிடும். பகல் ஒரு மணி முதல் நாலு மணி வரையில் இதன் ராஜ்யம். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் வெயிலில் காயும் குழாய்களையும் நீர் சேரும் தொட்டியையும் தனித்தனியே பிரித்து, தொட்டியை மேலே வைத்துக் கம்பளி போர்த்தினாற்போல் மூடினார். சுட்ட நீர் தானே மேலேறித் தொட்டியில் தங்கியது. இரவிலும் சூடு நின்றது. இன்று நம் ஊர் மாடிகளில் காணும் சூரிய வெந்நீர்ச் சாதனங்கள் பல அந்தத் தத்துவத்தில் நடப்பவையே. வசதியுள்ள குடும்பங்கள் அவற்றை வாங்கலாம். பத்தடிக் குழாய் அவற்றுக்குப் பாலபாடம்.

உப்பும் வெயிலும்

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். மாதக் கடைசியில் அங்கே உப்பு எடுத்துச் சட்டத்தை மீறினார்கள். கடல் நீரைக் கொடுத்தது. வெயில் அதைக் காய்ச்சியது. நடுவில் நின்று வரி வாங்கியது அந்நிய அரசாங்கம். அந்த அநீதி ஒழிந்தது. ஆனால் வெயில் இனாமாகச் செய்யக்கூடிய வேலைக்கு அயல்நாட்டுக்குப் பணம் அனுப்பும் வழக்கம் ஒழியவில்லை. நம் அடுப்புகளில் எரியும் சமையல் வாயுவில் பாதிக்குமேல் கப்பலில் வருவது. தினம் நூறு லிட்டர் வெந்நீர் செலவாகும் நாலு பேர் குடும்பம், அதை மின்சாரத்தில் 15 டிகிரி சுட வைத்தால் நாளொன்றுக்கு ஒன்றேமுக்கால் யூனிட். நூறு நாளில் 175 யூனிட். விறகின் கதையோ இன்னும் மோசம். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் சேரும். எட்டுச் சிறுவர்களின் மலை ஸ்நானத்துக்குத் தினம் ஆறு கிலோ விறகு ஆகும்.

2016-இல் ராமநாதபுரம் ஜில்லாக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஆரோவில்லில் 15 மீட்டர் அகலமுள்ள பெருங்கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்துச் சமையலுக்கு நீராவி தருகிறது. இவை நாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் பெரிய யந்திரங்களைப் பார்த்துப் பெருமைப்படுவதோடு தேசப்பற்று முடிந்துவிடுமானால், வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை என்ன? ராட்டையின் பெருமை அது நூற்ற நூலில் மட்டும் இல்லை. நூற்றவனுக்கு ஏற்பட்ட நம்பிக்கையிலும் இருந்தது.

ஏலகிரியில்

சிறுவர்கள் இரண்டு குழாய்கள் செய்தார்கள். காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை நிரப்பினால் நூறு லிட்டர். ஆளுக்கு 12 லிட்டர்; ஐந்து நிமிஷ ஸ்நானம். வேன் கூரைமேல் குழாய்களைக் கட்டிக்கொண்டு ஜோலார்பேட்டை வழியாக மலையேறினார்கள். 2019-இல் சென்னை ஏரிகள் வறண்டு நாம் குடத்தோடு தெருவில் நின்றபோது, ஜூலை 12-ஆம் தேதி முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர் நீரை நமக்கு அனுப்பிய ஊர் அந்த ஜோலார்பேட்டைதான். அந்த ஊரைத் தாண்டிப் போகும் சென்னைப் பிள்ளைகள் அளந்து குளித்தது பொருத்தமே.

மூன்று நாளில் இரண்டு நாள் நல்ல வெயில். நடு நாளில் பிற்பகல்வரை மேகம். அன்று வெதுவெதுப்போடு திருப்தியடைந்தார்கள். ஒரு சுள்ளியும் ஒடியவில்லை. சின்னப் பையன் ஜுரமின்றித் திரும்பினான்.

அவன் தாயார் இப்போது அக்குழாய்களில் ஒன்றைத் திருப்பித் தர மறுக்கிறாராம். வீட்டிலுள்ள மாமியாருக்கு முழங்கால் வலி. பகல் இரண்டு மணிக்கு வாளி வாளியாக வெந்நீரைப் பிடித்து மாடியிலிருந்து இறக்குவது பையனின் பொறுப்பு. "முழங்கையில் விட்டுப் பார்த்தாயா?" என்று பாட்டி தினமும் கேட்கிறாள். அவனும் தினமும் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறான்.